சாப்பாடு ஆயிற்று

“உங்க தம்பி தையல் வேலையில இருக்கறவர்தானே டீச்சர்? நடிகைங்களுக்கு வர்ற வியாதி அவருக்கு எப்படி வந்துச்சு?”

எங்கள் கட்டடத்தின் கீழ்த்தளத்து மருந்துக்கடைக்காரரின் மனைவி, லிஃப்டுக்காகக் காத்து நின்றபோது ஒருமுறை என்னை இப்படிக் கேட்டார். குத்தலாகக் கேட்கவில்லை; உண்மையாகவே புரியாமல்தான் கேட்டார். நான் காலமெல்லாம் பள்ளியில் இலக்கணம் நடத்தியவள். எடுத்துக்காட்டு இல்லாமல் எதையும் விளக்கத் தெரியாது. லிஃப்ட் வந்து சேர்வதற்குள் சொல்லி முடிக்கிற அளவுக்குச் சின்ன எடுத்துக்காட்டு அன்று கைவசம் இல்லை. சிரித்து வைத்தேன்.

அந்த வருடம் நானும் தம்பியும் எழுதிக்கொண்ட கடிதங்களை இப்போது எடுத்துக்காட்டாகத் தருகிறேன். அவன் சம்மதம் உண்டு. சீருடை தைக்கும் பட்டறை ஒன்றில் கட்டிங் மாஸ்டர் அவன். துணியை வெட்டிக் கொடுக்கிறவன். ரயிலில் ஓர் இரவு தூரத்தில் இருக்கிறான். மனைவி இறந்தபின் தனியாள், பிள்ளைகள் இல்லை. என் வீட்டிலும் என்னைத் தவிர யாரும் இல்லை. எனக்குக் காது மந்தம். போனில் யார் பேசினாலும் வண்டு ரீங்கரிப்பதுதான் கேட்கும். அதனால்தான் கடிதம். வீட்டுக் கதைகளை ஆங்காங்கே கத்தரித்திருக்கிறேன். கத்தரிப்பது எங்கள் குடும்பத் தொழில்தானே.

பிப்ரவரி 4

அன்புள்ள தம்பிக்கு,

நான் நலம். நீ நலமாக இருக்கிறாய் என்று கேள்விப்பட்டேன், அதுவும் எப்படிப்பட்ட நலம். அத்தை மகன் வந்திருந்தார். உன்னை ரயிலடியில் பார்த்தாராம். “ஆளே பாதியாயிட்டான். மறுபடியும் பொண்ணு பார்க்கலாம் போல இருக்கான்” என்றார். எனக்குப் பெருமை பிடிபடவில்லை. சின்ன வயதில் உன்னைப் ‘பூசணி’ என்று கூப்பிட்டவர்களை எல்லாம் வரிசையில் நிறுத்திக் காட்ட வேண்டும் போலிருந்தது. அந்த வரிசையில் முதல் ஆள் நான்தான், அது வேறு விஷயம்.

முழங்கால் மழைக்கு முன்னால் வலித்து, மழை வந்ததும் நின்றுவிடுகிறது. வானிலை அறிக்கை வாசிக்கப் போகலாமா என்று பார்க்கிறேன். நீ வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாயா? உடனே எழுது.

அன்புடன்,
அக்கா

பிப்ரவரி 19

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கு எல்லாம் சுகம். சாப்பாடு வேளாவேளைக்கு ஆகிறது. கவலை வேண்டாம்.

மருத்துவமனை உதவியாளர்களுக்கான பச்சைச் சட்டை ஆர்டர் வந்திருக்கிறது. துணியை அடுக்கடுக்காக விரித்து, மேலே சாக்பீஸால் வரைந்து, கத்தி மெஷினை ஓட்டினேன். ஒரு கோட்டில் தவறினால் அத்தனை சட்டையும் போச்சு. என் கோடு தவறுவதில்லை. பஸ்ஸில் போவதை விட்டுவிட்டேன். போக வர நடக்கிறேன். விடுமுறை நாளில் ஊரின் ஓரம் வரை நடந்தேன். சனிக்கிழமைதோறும் மெஷினில் இருக்கும் பெண்களுக்கு கிரீம் பன் வாங்கிக் கொடுக்கிறேன். “உங்களுக்கு, மாஸ்டர்?” என்பார்கள். “எனக்கு ஆச்சும்மா” என்பேன்.

ஒரு வேடிக்கை கேள். ஆளைப் பார்த்தாலே அளவு சொல்லிவிடும் என் கண் என்று உனக்குத் தெரியும். எனக்கே ஒரு சட்டை வெட்டினேன், கண்ணளவில். போட்டுப் பார்த்தால் கோணிப்பை. டேப்பை எடுத்து அளந்தால் என் கண் சொன்னதற்கும் டேப் சொன்னதற்கும் ஏகப்பட்ட வித்தியாசம். துணி டேப் நாளாக ஆக நீண்டுவிடும். சரி, பழசாகிவிட்டது என்று புது டேப் வாங்கினேன். அதுவும் அதே பொய்யைச் சொல்கிறது. இந்தக் காலத்துச் சாமான் எதுவும் சரியில்லை.

நீ நேற்று என்ன சமைத்தாய்? வெங்காயம் எவ்வளவு நேரம் வதக்கினாய், எப்போது உப்புப் போட்டாய் எல்லாம் விவரமாக எழுது.

இப்படிக்கு,
தம்பி

மார்ச் 2

அன்புள்ள தம்பிக்கு,

நலம், நலமறிந்தேன். டேப் கதையை மருந்துக்கடை வரை போய்ச் சொல்லிவிட்டு வந்தேன். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். நன்றாக ஆடத் தெரிந்த நீயும் அதையே சொல்கிறாய்.

சமையலில் உனக்கு ஆசை வந்துவிட்டது பார், நல்ல அறிகுறி. தனியாக இருக்கும் ஆண்கள் கடைச் சாப்பாட்டில் வயிற்றைக் கெடுத்துக்கொள்கிறார்கள். தனித்தாளில் பருப்பு, முட்டை, உருளைக்கிழங்கு எல்லாம் எழுதி வைத்திருக்கிறேன். வெங்காயத்துக்கு மட்டும் அரைப் பக்கம் ஆயிற்று. மே மாதம் நானே வந்து சமைத்துக் காட்டட்டுமா?

அன்புடன்,
அக்கா

மார்ச் 20

அன்புள்ள அக்காவுக்கு,

சுகமே. மே மாதம் வேண்டாம். அறைக்குச் சுண்ணாம்பு அடிக்கப் போகிறார்கள். கீழே சாவிக் கடைக்காரரின் அரம் வேறு காலையிலிருந்து கறகறவென்கிறது. உனக்குக் காது கேட்காவிட்டாலும் பல் கூசும்.

வெங்காயப் பக்கத்தைப் பலமுறை படித்தேன். படிக்கும்போதே வாசனை வந்தது. தாளைத் தலையணைக்குக் கீழே வைத்திருக்கிறேன்.

பட்டறையில் எனக்கு மட்டும் குளிர்கிறது. கம்பளிச் சட்டை போட்டுக்கொண்டு வெட்டுகிறேன். “மாஸ்டருக்கு மட்டும் தனியா பனி பெய்யுது” என்று, துணி ஓரம் அடிக்கிற ஓவர்லாக் மெஷின் அம்மா கேலி செய்கிறார். பட்டறைக்கு வந்த பரிசோதனை டாக்டர் என்னைக் காட்டி, “எல்லாரும் இவரைப் பார்த்துக் கத்துக்கணும்” என்றார். எல்லோரும் கை தட்டினார்கள்.

சாப்பாடு ஆயிற்று. விளக்கை அணைக்கப் போகிறேன்.

தம்பி

ஏப்ரல் 11

அன்புள்ள தம்பிக்கு,

நலமா? உன் மார்ச் கடிதம் கண்டதும் ஒரு கார்டு எழுதிப் போட்டேன், அதற்குப் பதில் வரவில்லை. தபால்காரர் என்னைப் பார்த்ததும் தலையை ஆட்டிவிட்டே போகிறார். வேலை நெருக்கடி என்று வைத்துக்கொள்கிறேன். இரண்டு வரி போதும்.

அக்கா

மே 16

அன்புள்ள தம்பிக்கு,

நலமா என்று கேட்டு இதற்குமுன் எழுதியதற்கும் பதில் இல்லை. பக்கத்து வீட்டம்மாவை விட்டுப் பட்டறைக்குப் போன் செய்யச் சொன்னேன். “மாஸ்டர் வேலைக்கு வந்துகொண்டுதான் இருக்கிறார்” என்றார்களாம். அப்படியானால் உனக்கு எழுதத்தான் பிடிக்கவில்லை.

பதில் வராத நாட்களில் உன் பழைய கடிதங்களை எடுத்து வைத்துக்கொண்டேன். திருத்திப் பழகிய கண் சும்மா இருக்குமா? ஒன்று பட்டது, தம்பி. ‘சாப்பாடு ஆயிற்று’ என்று எழுதுகிறாய். ‘சாப்பாடு ஆகிறது’ என்று எழுதுகிறாய். அந்த வாக்கியத்தில் எழுவாய் சாப்பாடு. சாப்பிட்டவர் அந்த வாக்கியத்திலேயே இல்லை. ‘சாப்பிட்டேன்’ என்று எழுதியிருந்தால், ‘நான்’ என்று போடாவிட்டாலும் ‘ஏன்’ விகுதி ஆளைக் காட்டிக்கொடுத்துவிடும். வெட்டினேன் என்கிறாய், நடந்தேன் என்கிறாய், வாங்கினேன் என்கிறாய். எல்லா இடத்திலும் அந்த ‘ஏன்’ இருக்கிறது. சாப்பாட்டில் மட்டும் இல்லை. போன வருடத்துக் கடிதங்களிலும் தேடினேன். அதற்கு முந்தின வருடத்திலும் இல்லை.

தற்செயல் என்று எழுது, நம்புகிறேன். இல்லாவிட்டால், யார் சாப்பிட்டது என்று எழுது.

அக்கா

ஜூன் 9

அன்புள்ள அக்காவுக்கு,

நீ நலமா? இதை மருத்துவமனைப் படுக்கையிலிருந்து எழுதுகிறேன். பயப்படாதே, உட்கார்ந்துதான் எழுதுகிறேன்.

உன் கடிதம் வந்த வாரம் கட்டிங் மேஜையிலேயே விழுந்துவிட்டேன். கத்தி மெஷின் நின்றிருந்தது, நல்லகாலம். ஓவர்லாக் அம்மா முதலில் ஒரு டாக்டரிடம் கூட்டிப்போனார். “எடை சரியாத்தான் இருக்கு. வெயில் மயக்கம்” என்று உப்புத் தண்ணீர் கொடுத்து அனுப்பினார். மறுநாளும் விழுந்தேன். இங்கே ஒரு டாக்டரம்மா. அவர் எடையைப் பார்த்துவிட்டு நிற்கவில்லை. நாடியை வெகுநேரம் பிடித்துப் பார்த்தார். இதயம் மெதுவாக, மிச்சம் பிடித்து மிச்சம் பிடித்து அடிக்கிறதாம். குளிர், முடி உதிர்வது, எல்லாம் கேட்டார். பிறகு, “நேத்து என்ன சாப்பிட்டீங்க?” என்றார். “சாப்பாடு ஆச்சு டாக்டர்” என்றேன். சொல்லும்போதே உன் சிவப்பு மை தெரிந்தது. சாப்பிடவில்லை என்று ஒப்புக்கொண்டேன்; இது தன்னையே பட்டினி போடவைக்கும் நோய் என்றார்.

சாப்பிட்டேன் என்று எழுதினால் அது பொய். உனக்குப் பொய் எழுத எனக்கு வரவில்லை. அதனால் அப்படி எழுதினேன். எழுவாயைப் பற்றியெல்லாம் நினைக்கவில்லை. கை தானாக வழி கண்டுபிடித்தது.

ஒன்று மட்டும் நீ தப்பாக நினைக்கக் கூடாது. எனக்குப் பசிக்காமல் இல்லை, அக்கா. பசிக்கிறது. எந்நேரமும் பசிக்கிறது. உன் வெங்காயத்தைத் தலையணைக்குக் கீழே வைத்துக்கொண்டு படுக்கிறவனுக்குப் பசி இல்லை என்று யார் சொன்னது? தட்டு முன்னால் வந்ததும் பயம் வந்துவிடுகிறது. எதற்குப் பயம் என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை. ஒரு வாய் சாப்பிட்டால் எல்லாம் கைமீறிப் போய்விடும் போல ஒரு பயம்.

தம்பி

ஜூன் 14

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதம் வந்த அன்றே எழுதுகிறேன். இப்போது எப்படி இருக்கிறாய்?

இந்த நோய் வயதுப் பெண்களுக்கு, கண்ணாடியைப் பார்த்துப் பார்த்து வருவது என்றல்லவா கேள்விப்பட்டிருக்கிறேன்? உனக்கு ஏன் வர வேண்டும்? உன் மனைவி போன துக்கமா? சாப்பிடு சாப்பிடு என்று அம்மா உன்னைத் தட்டோடு துரத்தியதா? நான் பூசணி என்று கூப்பிட்டதா? எது என்று சொல். காரணம் தெரிந்தால் அதைப் பிடுங்கிப் போட்டுவிடலாம்.

மனதைத் திடமாக வைத்துக்கொள். மனம் வைத்தால் நான்கு வாய் சாப்பிடுவது ஒரு பெரிய காரியமா? வறுத்த பருப்பு, உலர்ந்த பழம், பிஸ்கட் எல்லாம் பெட்டி கட்டி அனுப்பியிருக்கிறேன். ரயில் டிக்கெட்டும் பார்க்கச் சொல்லியிருக்கிறேன்.

அக்கா

ஜூலை 6

அன்புள்ள அக்காவுக்கு,

முழங்கால் எப்படி? நான் பரவாயில்லை. பெட்டி வந்தது. அதைத் திறக்க எனக்குத் தைரியம் வரவில்லை. வார்டுக்குக் கொடுத்துவிட்டேன். கோபித்துக்கொள்ளாதே. டிக்கெட் வேண்டாம்.

அவள் போனதால் வரவில்லை. அதற்கு முன்பே தொடங்கிவிட்டது. சர்க்கரை எட்டிப் பார்க்கிறது, சாப்பாட்டைக் குறை என்று ஒரு டாக்டர் சொன்னார். குறைத்தேன். எல்லோரும் புகழ்ந்தார்கள். வெட்டுவதைத் தவிர வேறு எதற்கும் என்னை யாரும் புகழ்ந்ததில்லை. இன்னும் குறைத்தேன். பிறகு நிறுத்தப் பார்த்தால் நிற்கவில்லை. அவள் இருந்தவரை எதிரே உட்கார்ந்திருப்பாள், எப்படியோ கொஞ்சம் உள்ளே போகும். அதற்குப் பின் எதிரே சுவர்.

டாக்டரம்மா சொல்வது இது. பிறவியிலேயே சில உடம்புக்கு இந்தச் சாய்வு இருக்குமாம்; ரொட்டியைக் கூட அளந்து சாப்பிட்ட நம் சித்தப்பாவைப் பற்றிச் சொன்னதும் குறித்துக்கொண்டார். என் சுபாவம் ஒரு கோடு பிசகக் கூடாது என்பது, அதுவும் சேர்ந்தது. கைதட்டல், தனிமை, அதுவும் இதுவும். ஒரு சட்டைக்குக் கழுத்துப் பட்டி, கை, முன்பக்கம், பின்பக்கம் என்று துண்டு துண்டாக வெட்டிப் போடுகிறேன். இதில் எந்தத் துண்டு சட்டை என்று கேட்டால் என்ன சொல்வது? பூசணியைக் கொண்டுபோய்க் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தாதே. அது பாவம், காய்.

இங்கே இதே நோயோடு ஓய்வுபெற்ற போலீஸ்காரர் ஒருவர் இருக்கிறார். கொஞ்சம் பூசினாற்போல ஒரு பெண்ணும் இருக்கிறாள். அவள் நிலைமை எங்களைவிட மோசம். “உனக்கா இந்த வியாதி?” என்று வீட்டில் சிரித்தார்களாம். ஒல்லியாக இருந்தால்தான் நம்புவார்கள். அந்த ஒல்லியை எட்டுகிறவரை காத்திருந்தால் ஆள் மிஞ்சாது என்கிறார் டாக்டரம்மா.

போன வாரம் தரையில் பெரிய காகிதத்தை விரித்து, கையில் சாக்பீஸைக் கொடுத்து, என் உடம்பை நானே கண்ணளவில் வரையச் சொன்னார். வரைந்தேன். பிறகு என்னை அதன்மேல் படுக்கவைத்து அவர் சுற்றி வரைந்தார். என் கோட்டுக்குள் இன்னொருவர் படுக்க இடம் இருந்தது. இரண்டு டேப்பும் சரியாகத்தான் அளந்திருக்கின்றன, அக்கா. ஊரையே அளந்த கண், என்னை மட்டும் தப்பாக அளக்கிறது.

மனம் வைத்தால் முடியும் என்று எழுதியிருந்தாய். எழுத்துக்கூட்ட வராத பிள்ளையிடம் நீ ஒருநாளும் அப்படிச் சொன்னதில்லையே. பக்கத்தில் உட்கார்ந்து, எழுத்தின் கீழே விரலை வைத்துக் காட்டுவாய். நான் ஜன்னலுக்கு வெளியே நின்று பார்த்திருக்கிறேன்.

நீ யாரோடு உட்கார்ந்து சாப்பிடுகிறாய்?

தம்பி

ஜூலை 30

அன்புள்ள தம்பிக்கு,

முழங்காலுக்கு இப்போது பரவாயில்லை.

உன் கடிதத்துக்குப் பதில் எழுத உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்துவிட்டேன். எழுத்துக்கூட்டும் பிள்ளையைப் பற்றி நீ எழுதியது சரி. பக்கத்தில் உட்கார எனக்குத் தெரியும். ஆனால் விரலை எங்கே வைப்பது என்று இந்தப் பாடத்தில் தெரியவில்லை. நீ சொல்லிக் கொடு. அதுவரை டிக்கெட் எடுக்க மாட்டேன், பெட்டி கட்ட மாட்டேன், மனதைப் பற்றி ஒரு வார்த்தை எழுத மாட்டேன்.

மாடியில் தண்ணீர்த் தொட்டி நிரம்பி வழிகிறது. யாரும் நிறுத்துவதில்லை. என் சாப்பாடெல்லாம் நேரத்துக்கு ஆகிறது.

அக்கா

செப்டம்பர் 3

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடைசி வரியைப் படித்துவிட்டுச் சிரித்தேன். பிறகு சிரிக்க முடியவில்லை.

வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். பகலில் அங்கே போய் எல்லோரோடும் சாப்பிட்டு வருகிறேன். போலீஸ்காரர் பழைய திருடர்களைப் பற்றிச் சொல்லிக்கொண்டே இருப்பார். ரொட்டி உள்ளே போய்விடும். சாயங்காலம்தான் கஷ்டம். அறைக்கு வந்து தட்டை வைத்தால் மறுபடியும் எதிரே சுவர். இந்த வாரம் இரண்டு முறை சாப்பாட்டை அப்படியே மூடி வைத்துவிட்டேன். டாக்டரம்மா ஒளிக்காமல் சொன்னார்: “இதயம் இன்னொரு தடவை தாங்காது. கொஞ்ச நாளைக்குச் சாயங்காலம் யாராவது கூட உட்காரணும். யார் இருக்காங்க உங்களுக்கு?” ஓவர்லாக் அம்மா வருகிறேன் என்றார். அவருக்கு வீட்டில் குழந்தைகள் காத்திருக்கும். வேண்டாம் என்றேன். எனக்கு யார் இருக்கிறார்கள் என்று யோசித்தபோது ஒரே ஒரு முகம்தான் வந்தது.

வா, அக்கா.

விரலை எங்கே வைப்பது என்று கேட்டாயே, சொல்கிறேன். என் தட்டைப் பார்க்காதே. இன்னும் கொஞ்சம் என்று போடாதே. நன்றாகச் சாப்பிட்டாய் என்று மெச்சாதே. முகம் தேறிவிட்டது என்று சொல்லாதே. அதைக் கேட்டால் எனக்குக் குண்டாகிவிட்டேன் என்றுதான் கேட்கும். நீ உன் தட்டில் இருப்பதைச் சாப்பிடு. வேறு எதையாவது பேசு.

தம்பி

இந்தக் கடிதம் கிடைத்த அன்று மாலை ரயிலுக்கே கிளம்பிவிட்டேன்.

அறையைப் பார்த்தேன். சுண்ணாம்பு அடித்த அடையாளம் எதுவும் இல்லை. மேஜையை அவன் சுவரோடு ஒட்டிப் போட்டிருந்தான். இழுத்து நடுவில் போட்டேன். சோறும் பருப்பும் முட்டையும் டாக்டரம்மா சொன்ன அளவில் அவனே போட்டுக்கொண்டான். எனக்கு நான் போட்டுக்கொண்டேன். எதிரெதிரே உட்கார்ந்தோம்.

வாழ்நாள் முழுவதும் சாப்பாட்டு மேஜையில் நான் பேசியதெல்லாம் ‘இன்னும் கொஞ்சம்’, ‘ஏன் மிச்சம் வைக்கிறாய்’ என்பவைதான் என்று அப்போதுதான் தெரிந்தது. அவற்றை எடுத்துவிட்டால் என்னிடம் பேச்சே இல்லை. ஏதாவது சொல்ல வேண்டுமே என்று, எங்கள் பள்ளித் தலைமை ஆசிரியை ஆய்வாளர் வருகிற நாளில் பொய்ப்பல்லைத் தொலைத்துவிட்டு, வாயைக் கைக்குட்டையால் மூடிக்கொண்டு பள்ளியைச் சுற்றிக் காட்டிய கதையை ஆரம்பித்தேன். அவன் ஒரு வாய் எடுத்தான். என் காதுக்காகச் சத்தமாகச் சிரித்தான். இன்னொரு வாய் எடுத்தான். மூன்றாவதை எடுக்கும்போது கை அந்தரத்தில் நின்றுவிட்டது. நானும் என்னை அறியாமல் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

“அக்கா,” என்றான் அவன், மேஜைமேல் குனிந்து, எனக்குக் கேட்கும்படி. “கதை நின்னுடுச்சு.”

கண்ணை என் தட்டுக்குத் திருப்பிக்கொண்டு, ஆய்வாளரை மாடிப்படி ஏற்றினேன். பொய்ப்பல் கிடைக்க அன்று வெகுநேரம் ஆயிற்று. உண்மையில் அது முதல் வகுப்பிலேயே கிடைத்துவிட்டது. நான்தான் எல்லா வகுப்பிலும் தேடவைத்தேன்.

மழைக்காலம் முடியும்வரை இருந்தேன். அவன் குணமாகிவிட்டான் என்று சொல்ல மாட்டேன். நல்ல வாரமும் இருக்கிறது, கெட்ட வாரமும் இருக்கிறது. கட்டிங் மேஜைக்குத் திரும்பிவிட்டான். மாலையில் அந்தப் போலீஸ்காரர் சில நாள் வருகிறார், சில நாள் வருவதில்லை. நான் என் வீட்டில், தட்டோடு உட்கார்ந்திருக்கிறேன். அவன் மேஜைக்கும் என் மேஜைக்கும் நடுவில் ஓர் இரவு ரயில் ஓடுகிறது.

உங்களிடம் ஒன்று கேட்கிறேன். அடுத்த வேளை யாரோடாவது உட்கார்ந்து சாப்பிடும்போது, அவர் தட்டைப் பற்றியும் உடம்பைப் பற்றியும் ஒரு சொல்கூடச் சொல்லாமல், அவர் எழுந்திருக்கும்வரை வேறு எதையாவது பேசிப் பாருங்கள்.